ஆலைச் சுவரைத் தாண்டும் தூசு

(நம் சங்கத்தின் வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய சொற்பொழிவு)



கல்வியின் பயன், வேலைவாய்ப்பு, மாணவர் விடுதி, பெண்கல்வி என்று எனக்கு முன் பேசிய அறிஞர்கள் அரிய கருத்துகளை எடுத்துரைத்தனர். நான் பேசப் புகும் பொருள் வேறு. நம் தெருக்களில் பாதி வீடுகளின் தலைக்கு மேல் இருப்பது அது. 'ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்' என்றும், சிலர் 'சிமெண்டு ஷீட்' என்றும் சொல்வார்கள். அதற்குள் இருக்கும் கனிமத்தின் பெயர் கல்நார். அந்த நாரினால் வரும் ஒரு நோயைப் பற்றியும், அந்நோய் ஆலைத் தொழிலாளியை மட்டுமன்றி, ஆலையின் உள்ளே ஒருநாளும் கால் வைக்காத மனைவியையும் குழந்தையையும் அண்டை வீட்டாரையும் எவ்வாறு பற்றுகிறது என்பதைப் பற்றியும் கூற விழைகிறேன்.

விழா நாளில் நோயைப் பற்றிப் பேசுவதா என்று சிலர் எண்ணக்கூடும். நம் சங்கத்திற்கு இன்று வயது 25. நான் சொல்லப்போகும் நோயோ, தூசு உள்ளே சென்ற நாளிலிருந்து 30, 40 ஆண்டுகள் கழித்தே பெரும்பாலும் வெளிப்படும். சங்கம் தொடங்கிய ஆண்டில் ஒரு குழந்தை அத்தூசைச் சுவாசித்திருந்தால், வெள்ளி விழா வந்த பின்னும் அதன் உடலில் அடையாளம் ஏதும் தெரியாதிருக்கலாம். இத்தனை நீண்ட காலத்தை நினைவில் வைத்திருக்க ஒரு தனிமனிதனால் இயலாது. ஒரு சங்கத்தால் இயலும். ஆகவேதான் இம்மேடையைத் தேர்ந்துகொண்டேன்.

கல்நார் நம் தெருவுக்கு வந்த கதை

கல்நார் பூமியிலிருந்து வெட்டி எடுக்கப்படும் ஒரு கல். ஆனால் அதைப் பிரித்தால் பஞ்சைப்போல இழை இழையாகப் பிரியும். நெருப்பில் எரியாது, கம்பியைப்போல் இழுவலிமை உடையது. அதில் வெள்ளை, பழுப்பு, நீலம் எனப் பல வகை உண்டு. வெள்ளை வகைக்குக் கிரைசோடைல் என்றும், நீல வகைக்குக் குரோசிடோலைட் என்றும் பெயர். ஆஸ்திரிய நாட்டவரான லுட்விக் ஹாட்செக் என்பவர் 1900ஆம் ஆண்டளவில் சிமெண்டுக் குழம்புடன் இந்நாரைக் கலந்து மெல்லிய தகடாக்கும் முறையைக் கண்டறிந்தார். அத்தகட்டுக்கு 'எடர்னிட்' என்று பெயரிட்டார். என்றும் அழியாதது என்னும் பொருள்தரும் இலத்தீன் சொல்லிலிருந்து பிறந்த பெயர் அது. தகடு அழிகிறதோ இல்லையோ, அதன் நார் மட்டும் மனித உடலில் அழிவதில்லை என்பதைப் பின்னர் உலகம் கண்டது.

நம் மக்கள் இத்தகட்டை ஏன் விரும்பி ஏற்றனர்? அறியாமையால் என்று யாரும் எளிதாகச் சொல்லிவிட வேண்டாம். 1968 டிசம்பர் 25ஆம் நாள் இரவில் கீழ்வெண்மணியில் ஒரே குடிசைக்குள் 44 உயிர்கள் எரிந்து கரிந்தன. ஓலைக் குடிசை என்பது ஒரு தீக்குச்சிக்கு விடப்பட்ட அழைப்பு என்பதை நம்மைவிட நன்கறிந்தவர் யார்? எரியாத கூரை, ஆண்டுதோறும் கீற்று மாற்ற வேண்டாத கூரை, ஓட்டைவிட எடை குறைந்த கூரை, கான்கிரீட்டைவிட விலை மலிந்த கூரை ஒன்று கிடைத்தபோது அதை வாங்கியதில் தவறு காண முடியாது. நாம் வாங்கியது பாதுகாப்பை. அதனுள் வேறொன்றும் கலந்திருக்கிறது என்பதைத் தகட்டின்மேல் எழுதி விற்கும் கடமை விற்றவர்க்கு இருந்தது.

நோய் எத்தகையது?

நம் நுரையீரலை ஈரமான மெல்லிய ஓர் உறை மூடியிருக்கிறது. மார்புச் சுவரின் உட்புறத்திலும் அதே உறை உண்டு. மூச்சு விடும்போது இவ்விரண்டும் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கிச் செல்கின்றன. கல்நாரின் இழை கண்ணுக்குத் தெரியாத அளவு நுண்ணியது; தலைமயிரைவிடப் பன்மடங்கு மெல்லியது. அது மூச்சுக் காற்றுடன் நுரையீரலின் கடைக்கோடி வரை செல்கிறது. உடலின் காவல் அணுக்கள் அதை விழுங்கப் பார்க்கின்றன. நீளம் மிகுந்த ஊசியை அவற்றால் விழுங்க இயலாது. முயன்று தோற்ற அவ்வணுக்கள் வெளியிடும் பொருள்கள் சுற்றியுள்ள திசுவைப் புண்படுத்துகின்றன. இழைகளில் சில நுரையீரல் உறையை அடைந்து அங்கே தங்குகின்றன. பல்லாண்டுகள் நீடிக்கும் இந்த அழற்சி, முடிவில் அவ்வுறையின் அணுக்களைப் புற்றாக மாற்றுகிறது. இப்புற்றின் பெயர் மீசோதெலியோமா.

ஒருபக்க மார்புவலி, மூச்சுத் திணறல், உறைகளுக்கிடையே நீர் கோத்தல், உடல் மெலிதல் ஆகியன இதன் அறிகுறிகள். நோய் கண்டறியப்பட்ட பின் பெரும்பாலோர் ஓராண்டு, ஒன்றரை ஆண்டுக்கு மேல் வாழ்வதில்லை. அண்மைக்கால மருந்துகள் ஆயுளைச் சில மாதங்கள் நீட்டித்துள்ளன. முற்றாகக் குணப்படுத்தும் மருந்து இன்றளவும் இல்லை. புகைபிடிப்பவர்க்கே புற்று என்று எண்ணியிருப்போர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மீசோதெலியோமாவுக்கும் புகையிலைக்கும் தொடர்பில்லை. ஆனால் கல்நார் சாதாரண நுரையீரல் புற்றையும் உண்டாக்கும். அங்கே பீடியும் கல்நாரும் சேர்ந்தால் ஆபத்து பெருகிவிடும்.

கிம்பர்லியில் கேட்கப்பட்ட கேள்வி

இந்நோயின் காரணம் உலகுக்குத் தெரிந்தது தென்னாப்பிரிக்காவில். கிம்பர்லி நகரின் காசநோய் மருத்துவமனையில் பணியாற்றிய ஸ்லெக்ஸ் என்னும் மருத்துவர் ஒன்றைக் கவனித்தார். மார்பில் நீர் கோத்துக் காசநோய் என்று முடிவு செய்யப்பட்டவர்களுள், மேற்கே கல்நார்ச் சுரங்கப் பகுதியிலிருந்து வந்தவர்கள் சிலர் மட்டும் காச மருந்துக்குக் குணமாகவில்லை. 1956இல் வாக்னர் என்னும் நோய்க்கூற்று அறிஞர் அத்தகைய ஒருவரின் உடலை ஆய்ந்தபோது, இருந்தது காசமன்று, அரிய புற்று என்று கண்டார். அவர்கள் நோயாளிகளையும் குடும்பத்தாரையும் தேடிச் சென்று கேட்டனர். எங்கே பிறந்தாய்? எங்கே வளர்ந்தாய்? வீட்டின் அருகே என்ன இருந்தது? 1960இல் வாக்னரும் ஸ்லெக்ஸும் மார்சண்ட் என்னும் அறுவை மருத்துவரும் சேர்ந்து 33 நோயாளிகளின் வரலாற்றை வெளியிட்டனர். ஒருவரைத் தவிர ஏனையோர் அனைவரும் நீலக் கல்நாருடன் ஏதேனும் ஒரு வகையில் தொடர்புடையவராக இருந்தனர்.

அந்தப் பட்டியலில் இருந்தோர் யார்? சுரங்கத் தொழிலாளர் மட்டுமல்லர். இல்லத்தரசிகள் இருந்தனர், வீட்டு வேலை செய்தோர் இருந்தனர், மாடு மேய்த்தோர், உழவர், ஒரு கணக்கர், ஒரு காப்பீட்டு முகவர்கூட இருந்தனர். சுரங்கத்தின் பக்கத்தில் பிறந்ததும், கழிவு மேட்டில் விளையாடியதும், கல்நார் ஏற்றிச் சென்ற பாதையின் ஓரத்தில் வாழ்ந்ததுமே அவர்களுக்கிருந்த தொடர்பு. நிறவெறி ஆட்சி நடந்த அந்நாட்டில் சுரங்க ஊர்களின் கறுப்பினப் பெண்களும் சிறுவர்களும் சுத்தியலால் கல்லை உடைத்து நாரைப் பிரித்தனர். தூசு நிறம் பார்க்கவில்லை என்பது மெய். ஆனால் தூசு படியும் இடத்தில் யாரைக் குடியமர்த்துவது என்பதை மனிதர்கள் நிறம் பார்த்தே முடிவு செய்தனர். இதை நமக்கு யாரும் விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

இலண்டனில் துணி வெளுத்த பெண்கள்

சுரங்கம் இல்லாத நாட்டில் என்ன நடந்தது என்று பார்ப்போம். 1965இல் இலண்டன் நகரில் மூரியல் நியூஹவுஸ், ஹில்டா தாம்சன் என்னும் இரு பெண் அறிஞர்கள் ஓர் ஆய்வு வெளியிட்டனர். மீசோதெலியோமாவால் பாதிக்கப்பட்ட 76 பேரின் வாழ்க்கை வரலாற்றை முழுமையாகத் திரட்டினர். அவர்களுள் 31 பேர் கல்நார் வேலை செய்தவர்கள். மேலும் 9 பேர் அவ்வேலை செய்தவர்கள் அல்லர். செய்தவரோடு ஒரே வீட்டில் வாழ்ந்தவர்கள். இந்த 9 பேருள் 7 பேர் பெண்கள். அவர்களிடம் பெரிதும் காணப்பட்ட வரலாறு ஒன்றே: கணவரின் வேலைத் துணியை வீட்டில் துவைத்தது.

சற்று எண்ணிப் பாருங்கள். கணவன் மாலையில் வீடு திரும்புகிறான். சட்டையிலும் கால்சட்டையிலும் வெள்ளைத் தூசு. மனைவி அதை வாங்கி உதறுகிறாள். அந்த ஒரு உதறலில் ஆலை வீட்டுக்குள் வந்துவிடுகிறது. கணவனின் பெயர் ஆலையின் கூலிப் பதிவேட்டில் இருக்கும். மனைவி உதறியதற்குப் பதிவேடு இல்லை, கூலியும் இல்லை.

எஞ்சிய 36 பேருக்கு வேலைத் தொடர்பும் இல்லை, வீட்டுத் தொடர்பும் இல்லை. அவர்களுள் 11 பேர் ஒரு கல்நார் ஆலையிலிருந்து அரை மைல் தூரத்திற்குள் வாழ்ந்தவர்கள் என்று தெரியவந்தது. ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக எடுத்துக்கொண்ட வேறு நோயாளிகளிடம் அவ்வாறு வாழ்ந்தோர் விகிதம் மிகக் குறைவாக இருந்தது. ஆலை, வீடு, தெரு என்று ஆபத்தின் மூன்று வட்டங்களும் இந்த ஓர் ஆய்விலேயே வரையப்பட்டுவிட்டன.

காசாலே நகரின் துயரம்

இத்தாலி நாட்டின் பீட்மாண்ட் மாநிலத்தில், போ ஆற்றங்கரையில் காசாலே மான்ஃபெராட்டோ என்னும் சிறு நகர் உண்டு. மக்கள் தொகை சுமார் 35,000. அங்கே 1907இல் எடர்னிட் ஆலை தொடங்கி 1986இல் மூடப்பட்டது. ஆலை வேலை கிடைத்தால் குடும்பம் பிழைத்தது என்று மக்கள் மகிழ்ந்தனர். குழாய்களைக் கடைந்து சீராக்கும்போது விழும் தூளை ஊரார் வாங்கிச் சென்று முற்றத்தில் பரப்பினர்; பரணில் கொட்டிக் குளிர் தடுத்தனர். யாரும் அவர்களுக்கு எதுவும் சொல்லவில்லை.

அந்நகரில் ரொமானா பிளாசோட்டி என்னும் அம்மையார் வாழ்ந்தார். அவருடைய கணவர் ஆலைத் தொழிலாளி. 1983இல் இந்நோயால் இறந்தார். அதன்பின் அம்மையாரின் சகோதரி, உடன்பிறந்தார் மகன், உறவுப் பெண் என்று ஒருவர்பின் ஒருவராக இறந்தனர். 2004இல் மகளும் மறைந்தார். ஐந்து பேரை இழந்த அந்த அம்மையார் மூலையில் அமர்ந்து அழுதுகொண்டிருக்கவில்லை. பாதிக்கப்பட்ட குடும்பங்களின் சங்கத்திற்குத் தலைமை தாங்கிப் பல்லாண்டுகள் போராடினார். 2024இல் அவர் காலமானார். நகராட்சித் தலைவர் 1987இலேயே அவ்வூரில் கல்நாரைத் தடை செய்தார். 1992இல் இத்தாலி நாடு முழுவதும் தடை செய்தது. உரிமையாளர்மீது வழக்கு நடந்தது. 2012இல் தூரின் நீதிமன்றம் 16 ஆண்டுச் சிறைத் தண்டனை விதித்தது. மறு ஆண்டு மேல்முறையீட்டில் அது 18 ஆண்டாயிற்று. ஆனால் 2014இல் நாட்டின் உச்ச நீதிமன்றம், வழக்குத் தொடரும் காலவரம்பு கடந்துவிட்டது என்று கூறி அத்தீர்ப்பை நீக்கியது. மரண வழக்குகள் பின்னர் வேறு நீதிமன்றங்களில் தனித்தனியே நடந்தன.

இளைஞர்களே, இந்த ஒரு செய்தியை மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். 40 ஆண்டுகள் உறங்கும் நோய் இது. சட்டத்தின் கடிகாரமோ அவ்வளவு காலம் காத்திருப்பதில்லை. நோய் விழிக்கும்போது ஆலை மூடியிருக்கும், கணக்குகள் எரிந்திருக்கும், சாட்சிகள் மறைந்திருப்பர். எழுதி வைத்தவனுக்கே வழக்கு உண்டு.

ஜப்பானிலும் இவ்வாறே நடந்தது. அமகசாக்கி நகரில் ஒரு குழாய் ஆலை 1957 முதல் 1975 வரை நீலக் கல்நாரைப் பயன்படுத்தியது. அது நிறுத்தப்பட்டு 30 ஆண்டுகள் கழிந்து, 2005இல்தான் அக்கம்பக்கத்தாரின் மரணங்கள் வெளிச்சத்துக்கு வந்தன. பின்னர் நடந்த ஆய்வில், ஆலையிலிருந்து 300 மீட்டருக்குள் வாழ்ந்த பெண்களிடையே இந்நோயால் இறப்பு, எதிர்பார்க்கத்தக்க அளவைப்போல 41 மடங்கு இருந்தது. காற்று வீசிய திசையில் 2 கிலோமீட்டருக்கு அப்பாலும் ஆபத்து நீண்டிருந்தது. மறு ஆண்டே, 2006இல், ஆலைத் தொழிலாளர் அல்லாதாருக்கும் நிவாரணம் தரும் சட்டத்தை அந்நாடு இயற்றியது. ஐந்து பேர், பத்துப் பேர் ஒன்றுகூடி, "நாங்கள் அங்கேதான் வாழ்ந்தோம்" என்று சொல்லத் துணிந்ததன் விளைவு அது.

அச்சம் எவ்வளவு? அறிவு எவ்வளவு?

இவற்றைக் கேட்டவுடன் வீட்டுக்கு ஓடிக் கூரையைப் பிடுங்கி எறிய வேண்டாம். அது இருக்கும் ஆபத்தைப் பலமடங்கு பெருக்கிவிடும். அளவறிந்து அஞ்சுவதே அறிவுடைமை.

கல்நார்த் தொடர்பே இல்லாத மக்களிடையே இந்நோய் ஆண்டுக்குப் பத்து இலட்சம் பேரில் ஒருவர், இருவருக்கே வருகிறது. 2000ஆம் ஆண்டு பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, கல்நார் வேலை செய்பவரோடு ஒரே வீட்டில் வாழ்ந்தோர்க்கு ஆபத்து ஏறத்தாழ 8 மடங்கு என்றும், ஆலை அல்லது சுரங்கத்தின் அருகே வாழ்ந்தோர்க்கு 7 மடங்கு என்றும் தெரிந்தது. அரிய நோய் 8 மடங்கானாலும் பெரும்பாலோர்க்கு அது வருவதில்லை. வகையிலும் வேறுபாடு உண்டு. நீலமும் பழுப்பும் இந்நோயை விளைப்பதில் மிகக் கொடியவை. வெள்ளை வகையின் ஆற்றல் அவற்றிலும் குறைவு. இன்று இந்தியாவில் கூரைத் தகட்டில் சேர்வது வெள்ளை. அதனால் அது தீங்கற்றது என்று வணிகர் கூறுவர். அக்கூற்றை ஏற்பதற்கில்லை. எல்லா வகைக் கல்நாரும் மனிதருக்குப் புற்று விளைப்பவையே என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு நிலையம் வகைப்படுத்தியுள்ளது. இவ்வளவு வரை சுவாசித்தால் தீங்கில்லை என்று சொல்லத்தக்க எல்லை எதுவும் அறியப்படவில்லை என்பதும் அந்நிறுவனத்தின் கருத்து.

தகட்டில் நார் சுமார் பத்தில் ஒரு பங்கு. ஏனையது பெரும்பாலும் சிமெண்டு. உடையாமல் பழுதின்றி இருக்கும் தகட்டின் கீழ் அமர்ந்திருப்பவனுக்கு ஆபத்து மிகக் குறைவு. அறுக்கும்போதும், துளையிடும்போதும், உடைக்கும்போதும், பாசியைச் சுரண்டும்போதும், மழையிலும் வெயிலிலும் பல்லாண்டு கிடந்து மேற்பரப்பு பொரியும்போதுமே நார் காற்றில் பறக்கிறது. அவ்வேலைகளைச் செய்பவர் யார்? கூரை வேய்பவர், கட்டடம் இடிப்பவர், இடிபாடு அள்ளுபவர், பழைய பொருள் வாங்கி விற்பவர், துப்புரவுப் பணியாளர். இவர்களுள் மிகப் பலர் நம்மவர். அவர்கள் பெயர் எந்தக் கல்நார் ஆலையின் பதிவேட்டிலும் இல்லை.

குழந்தைகளைப் பற்றித் தனியே ஒரு சொல். தூசு உள்ளே சென்றபின் கழியும் ஆண்டுகள் கூடக்கூட இந்நோயின் ஆபத்து விரைந்து ஏறுகிறது. குழந்தைக்கு முன்னால் இருக்கும் ஆண்டுகள் அதிகம். ஒரே அளவு தூசைச் சுவாசித்தாலும், 30 வயதில் முதன்முதல் சுவாசித்தவரைவிட 5 வயதில் சுவாசித்தவருக்கு வாழ்நாள் ஆபத்து ஏறத்தாழ 5 மடங்கு என்று பிரிட்டனின் அரசு அறிவியற் குழு 2013இல் கணித்துக் கூறியது. 2009இல் கேரள மாநில மனித உரிமை ஆணையம் பள்ளிக்கூடங்களின் கல்நார்க் கூரைகளை அகற்றுமாறு கூறியதன் நியாயம் இதுவே. கல்விச் சங்கம் நடத்தும் நாம் இதை முதலில் கேட்க வேண்டியவர்கள்.

நம் நாட்டின் நிலை

அறுபதுக்கும் மேற்பட்ட நாடுகள் கல்நாரைத் தடை செய்துவிட்டன. பிரிட்டன் 1999இல் தடை செய்தது. உலகுக்கெல்லாம் நெடுங்காலம் கல்நார் விற்ற கனடாவும் 2018இல் தடை செய்தது. நம் நாட்டில் 1986இல் கல்நார் வெட்ட புதிய சுரங்க உரிமம் வழங்குவது நிறுத்தப்பட்டது. ஆனால் வெளிநாட்டிலிருந்து வெள்ளைக் கல்நாரை வரவழைத்துத் தகடு செய்வதற்குத் தடையில்லை. நம் மண்ணில் வெட்டக் கூடாத பொருள், நம் தலைக்கு மேல் வேயத் தக்கதாயிற்று! இது எவ்வகை நியாயம் என்று கேட்பது நம் உரிமை.

1995 ஜனவரியில் நம் உச்ச நீதிமன்றம் கல்நார்த் தொழிலாளர் பற்றி ஒரு பெருமைமிக்க தீர்ப்பை வழங்கியது. தொழிலாளியின் உடல்நலம் என்பது அரசியலமைப்பின் 21ஆம் பிரிவு தரும் உயிர் வாழும் உரிமையின் பகுதி என்றது. ஒவ்வொரு தொழிலாளியின் உடல்நலப் பதிவேட்டையும், வேலையில் சேர்ந்த நாளிலிருந்து 40 ஆண்டுகள் வரை அல்லது ஓய்வுபெற்ற பின் 15 ஆண்டுகள் வரை, இவற்றில் எது பிந்தியதோ அதுவரை காக்க வேண்டும் என்று ஆணையிட்டது. டாக்டர் அம்பேத்கர் அவர்கள் 1942 முதல் 1946 வரை தொழிலாளர் துறைப் பொறுப்பை ஏற்றிருந்தபோது தொழிலாளர் நலத்துக்கு இட்ட அடித்தளமும், பின்னர் அவர் தலைமையில் வரைந்த அரசியலமைப்பும் இங்கே ஒன்றுசேர்வதைக் காண்கிறோம்.

ஆயினும் அத்தீர்ப்பின் பாதுகாப்பு தொழிலாளிக்கு உரியது. துணி துவைத்த மனைவிக்கு எந்த 40 ஆண்டுப் பதிவேடு? தகட்டை அறுத்த நாட்கூலிக்கு எந்தப் பதிவேடு? ஆலைக் கழிவு கொட்டப்பட்ட ஊர்க்கோடியில் வாழும் நம் குடும்பத்துக்கு எந்தப் பதிவேடு? தூசு சுவரைத் தாண்டுகிறது. பதிவேடு சுவரோடு நின்றுவிடுகிறது. நான் சொல்ல வந்த செய்தி இந்த ஒன்றே.

நாம் செய்யத்தக்கவை

இன்று மாலையே தொடங்கத்தக்க சிலவற்றை எளிமையாகச் சொல்கிறேன்.

தகட்டை வீட்டு வாசலில் வைத்து அறுக்கவோ துளையிடவோ விடாதீர்கள். தவிர்க்க இயலாவிடில் நன்றாக நீர் தெளித்து நனைத்து, மின் இயந்திரத்தை விடுத்துக் கைக்கருவியால் செய்யச் சொல்லுங்கள். குழந்தைகள் அருகே நிற்கலாகாது. முகத்தில் துண்டு கட்டிக்கொள்வதால் இந்நுண்ணிய இழை தடைபடாது. நுண்தூசைத் தடுக்கும் முகக்கவசமே வேண்டும்.

விழுந்த தூளை உலர்ந்த துடைப்பத்தால் பெருக்காதீர்கள், ஈரத்துணியால் துடைத்தெடுங்கள். கூரையின் பாசியைக் கம்பித் துடைப்பத்தால் தேய்க்காதீர்கள்.

புயலுக்குப் பின் உடைந்து கிடக்கும் துண்டுகளைப் பாதைக்குப் பரப்புவதும், பள்ளம் நிரப்புவதும், அடுப்புக்கு மறைப்பாக வைப்பதும் கூடாது. கல்நார் எரிந்து ஒழியாது. சூடேறிய தகடு வெடித்துச் சிதறும். துண்டுகளை நனைத்து, கனத்த பாலித்தீன் உறையில் இருமடியாகக் கட்டி, தனியே வைத்து, ஊராட்சிக்கோ நகராட்சிக்கோ எழுத்து மூலம் தெரிவியுங்கள். அப்புறப்படுத்தும் கடமை அவர்களுடையது என்பதை மனுவில் எழுதிப் பெற்றுக்கொண்டதற்குச் சான்று வாங்குங்கள்.

தூசு வேலை செய்து வந்தவர் உடையை வேலையிடத்திலேயே மாற்றிக்கொள்ள வேண்டும். வீட்டுக்குக் கொண்டுவந்தே தீர வேண்டுமானால் உதறாமல் நீரில் அமிழ்த்திப் பிற துணியுடன் சேர்க்காமல் துவைக்க வேண்டும். குழந்தையைத் தூக்குமுன் குளிப்பது நன்று. கல்நார் வந்த சாக்கைப் படுதாவாகவோ தானியப் பையாகவோ பயன்படுத்தலாகாது.

புதிதாக வீடு கட்டுவோர், அரசு வீட்டுத் திட்டத்தில் பெயர் பதிவோர், கல்நார் இல்லாத கூரையைக் கேளுங்கள். ஓலைக்கும் கல்நாருக்கும் இடையே ஒன்றைத் தேர்ந்துகொள் என்று நம்மிடம் சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. எரியாத கூரையும் வேண்டும், நோய் தராத கூரையும் வேண்டும்.

நெஞ்சில் நீர் கோத்து மருத்துவரிடம் செல்வோர்க்கு ஒரு சொல். நம் நாட்டில் அதற்குக் காசமே பெரும் காரணம். எனவே காச மருந்தை ஒருபோதும் பாதியில் நிறுத்தாதீர்கள். ஆனால் முறையாக மருந்துண்டும் குணமில்லையெனில், தாம் செய்த வேலை, தம் பெற்றோர் செய்த வேலை, வாழ்ந்த ஊர், வீட்டின் அருகிருந்த ஆலை ஆகியவற்றை மருத்துவர் கேளாவிடினும் நீங்களே சொல்லுங்கள். கிம்பர்லியில் உண்மை வெளிப்பட்டது அந்தக் கேள்வியினால்தான்.

ஒரு வேண்டுகோள்

நிறைவாகச் சங்கத்திடம் ஒன்று கேட்கிறேன். இவ்வெள்ளி விழாவின் நினைவாக ஒரு பதிவேடு தொடங்குங்கள். தெருவாரியாக, குடும்பவாரியாக எழுதுங்கள். பெயர், பிறந்த ஆண்டு, பிறந்த ஊர், வாழ்ந்த வீடுகள், ஒவ்வொரு வீட்டின் கூரை, அருகிருந்த ஆலை, செய்த வேலைகள், எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை, வேலைத் துணியைத் துவைத்தவர் யார் என்பதுவரை எழுதுங்கள். குறிப்பாகப் பெண்களின் வரலாற்றைப் பெண்களிடமே கேட்டு எழுதுங்கள். அவர்கள் கூறும் செய்தியைக் கணவரிடம் கேட்டு எழுதினால் பாதி விடுபட்டுப்போகும். இரு படிகள் எடுத்து இரண்டு இடத்தில் வையுங்கள். ஆண்டுக்கொருமுறை திருத்துங்கள். அதைக் குறைந்தது 40 ஆண்டுகள் காத்திடுங்கள்.

இதற்குப் பெருஞ்செலவு ஆகாது. மருத்துவப் பட்டமும் வேண்டியதில்லை. பத்தாம் வகுப்புப் படித்த பிள்ளை செய்யலாம். நம் முன்னோர் எழுத்தறிவு மறுக்கப்பட்டவர்கள். ஆகவே அவர்கள் எதனால் இறந்தனர் என்பதைப் பிறர் எழுதினர், அல்லது யாரும் எழுதவில்லை. இருபத்தைந்து ஆண்டுகளாக இச்சங்கம் எழுத்தைக் கற்றுக்கொடுத்தது. கற்ற எழுத்தைக் கொண்டு நம் தெருவின் மூச்சை நாமே எழுதி வைப்போம். பொன்விழா கொண்டாடும் அன்று அந்தப் பதிவேட்டில் இந்நோயின் பெயர் ஒரு இடத்திலும் எழுத வேண்டாதிருக்குமானால் அதைவிட மகிழ்ச்சி வேறில்லை. ஒருகால் எழுத நேர்ந்தால், அக்குடும்பம் ஆதாரமின்றி நீதிமன்ற வாசலில் நிற்க வேண்டாம்.